அத்தியாயம் 6: வெள்ளை அடைப்பு உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா?

சொத்தைப் பல்லைக் காட்டப் போனால், “வெள்ளையாவே அடைச்சிடலாம்” என்றுதான் இன்று பெரும்பாலான பல் டாக்டர்கள் சொல்கிறார்கள். முன்பெல்லாம் கடைவாய்ப் பல் என்றால் வெள்ளி அடைப்புதான். அதன் எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம். பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த 2013-இல் ஏற்பட்ட மினமாட்டா உடன்படிக்கை, வெள்ளி அடைப்பையும் படிப்படியாகக் குறைக்கச் சொன்னது. இந்தியா 2018-இல் அதற்கு ஒப்புதல் அளித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி 1 முதல், தவிர்க்க முடியாத மருத்துவக் காரணம் இருந்தாலொழிய வெள்ளி அடைப்பே கூடாது என்று நிறுத்திவிட்டது. அந்த இடத்தைப் பிடித்திருப்பது கம்போசிட் எனப்படும் ரெசின் அடைப்பு.

இப்போது பாதரசக் கவலை போய், பிளாஸ்டிக் கவலை வந்திருக்கிறது. “ரசாயனம் எச்சிலில் கரைந்து உடம்புக்குள் போகாதா? குழந்தைக்கு ஹார்மோன் கோளாறு வருமா? பல்லின் நரம்பைப் பாதிக்குமா?” என்றெல்லாம் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தான்.

சாரத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். கம்போசிட் முழுக்கத் தீங்கற்ற பொருள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அதன் தீங்கு பெரும்பாலும் இறுகாத நிலையில்தான். எந்தக் கம்பெனிப் பசை என்பதைவிட, அது உங்கள் பல்லில் எவ்வளவு நன்றாக இறுக்கப்பட்டது, இடுக்கு விடாமல் ஒட்டப்பட்டதா என்பதுதான் பாதுகாப்பைத் தீர்மானிக்கிறது. அதை நோயாளியும் ஓரளவு கவனித்துக்கொள்ள முடியும்.

பசைக்குள் இருப்பவை

வெள்ளை அடைப்பைச் சின்னக் கான்கிரீட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜல்லியின் இடத்தில் கண்ணாடி, சிலிக்கா நுண்துகள்கள். சிமென்ட்டின் இடத்தில் ரெசின். பொதுவாக எடையில் 60 முதல் 80 சதவீதம் துகள்கள்தான். அவற்றால் உடம்புக்குப் பெரிய தொல்லை இல்லை. ஒத்துக்கொள்ளுமா என்ற கேள்வி முழுக்க ரெசினைப் பற்றியது.

அமெரிக்க ஆய்வாளர் ரஃபேல் போவன் 1962-இல் காப்புரிமை பெற்ற பிஸ்-ஜிஎம்ஏ என்ற மூலக்கூறுதான் இந்தக் குடும்பத்தின் மூத்தது. அது மிகவும் கெட்டியானது. அப்படியே பல்லில் வைத்து அழுத்த முடியாது. இளக்குவதற்காக டெக்-டிஎம்ஏ என்ற சிறிய மூலக்கூறைச் சேர்க்கிறார்கள். பல பொருள்களில் யுடிஎம்ஏ என்பதும் இருக்கும். சிறிய மூலக்கூறு எளிதில் நழுவி வெளியே வரும். அதனால் உயிரணு ஆய்வுகளில் டெக்-டிஎம்ஏ மீது தனிக் கவனம் உண்டு.

கூடவே கேம்ஃபர்குவினோன் என்ற மஞ்சள் நிறப் பொருள் கொஞ்சம் இருக்கும். டாக்டர் நீல விளக்கைக் காட்டுவது இதற்காகத்தான். 468 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீல ஒளி பட்டதும் இது வினையைத் தொடங்கிவைக்கிறது. தனித்தனி மூலக்கூறுகள் கைகோத்து வலைப்பின்னலாகிக் கெட்டியாகின்றன.

பல்லோடு ஒட்டவைப்பது வேறு வேலை. அமிலத்தால் எனாமலைச் சொரசொரப்பாக்கினால் பிளாஸ்டிக் அதில் பிடித்துக்கொள்ளும் என்று மைக்கேல் புவோனோகோர் 1955-இல் காட்டினார். இன்றும் 35 முதல் 37 சதவீதப் பாஸ்பாரிக் அமிலம் சில விநாடி தடவிக் கழுவப்படுகிறது. அதன்மேல் பூசும் ஒட்டுத் திரவத்தில் பெரும்பாலும் ஹெமா என்ற மூலக்கூறு இருக்கும். ஒவ்வாமைப் பகுதியில் இந்தப் பெயர் மறுபடி வரும்.

முழுசாக இறுகுவதில்லை

விளக்கை எவ்வளவு நேரம் காட்டினாலும் ரெசின் நூறு சதவீதம் இறுகாது. வினைபுரிய வேண்டிய இணைப்புகளில் சுமார் 50 முதல் 75 சதவீதமே முடிகின்றன. மீதி அத்தனையும் எச்சிலில் கரைந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். அதில் பெரும்பகுதி ஒரு முனை வலையில் மாட்டியபடி அங்கேயே நிற்கும். முழுக்கத் தனித்து நிற்கும் சிறு பகுதிதான் வெளியேறும். அதுவும் முதல் சில மணி நேரங்களில், முதல் சில நாள்களில்தான் அதிகம். பிறகு எச்சிலில் உள்ள எஸ்டரேஸ் நொதிகளும் வாய்க் கிருமிகளும் ஆண்டுக்கணக்கில் மெல்ல அரிக்கும். இந்த இரண்டாவது கசிவு மிகவும் குறைவு.

மேல்பரப்புக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. காற்றிலுள்ள ஆக்சிஜன் வினையைத் தடுப்பதால், அடைப்பின் மேலே மெல்லிய பிசுபிசுப்புப் படலம் இறுகாமலே இருக்கும். மயிரிழையைவிட மெல்லிய அந்தப் படலத்தில்தான் தனி மூலக்கூறுகள் நிறைய. அடைத்த பல்லை டாக்டர் தேய்த்து மெருகேற்றும்போது அது போய்விடும். மெருகேற்றாமல் விடும் இடங்களில், குறிப்பாகக் குழந்தைகளின் பல் குழிகளுக்குப் போடும் சீலன்ட்டில், பஞ்சால் துடைத்துக் கழுவ வேண்டும். கிளிசரின் ஜெல்லைப் பூசிக் காற்றை மறைத்து, இன்னொரு முறை விளக்குக் காட்டுவதும் நல்ல முறை.

சந்தைக்கு வரும் பொருளுக்குச் சர்வதேசத் தரவிதிகள் உள்ளன. ஐ.எஸ்.ஓ. 4049 என்ற தரத்தின்படி, இறுகிய கம்போசிட் தண்ணீரில் கரையும் அளவு ஒரு கன மில்லிமீட்டருக்கு 7.5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. உயிரணுக்களைக் கொல்கிறதா, மரபணுவைச் சிதைக்கிறதா, ஒவ்வாமை தூண்டுகிறதா என்று பார்க்க ஐ.எஸ்.ஓ. 10993, ஐ.எஸ்.ஓ. 7405 ஆகியவை வழி வகுத்துள்ளன. இந்தியாவில் இப்பொருள்கள் 2017-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகளுக்குள் வருகின்றன. ஆகவே உறையில் உரிம எண், தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி எல்லாம் இருக்க வேண்டும். ஒன்றை மறக்க வேண்டாம்: இந்தச் சோதனைகள் சரியாக இறுக்கிய பொருளுக்குக் கொடுத்த சான்று. அரைகுறையாக இறுக்கிய அடைப்புக்கு எந்தச் சான்றும் பொருந்தாது.

பிபிஏ பயம் எவ்வளவு நியாயம்?

பிஸ்பீனால் ஏ, சுருக்கமாக பிபிஏ, ஈஸ்ட்ரோஜென் ஹார்மோன் போல உடம்பில் நடிக்கக்கூடியது. தகர டப்பாவின் உள்பூச்சு, பாலிகார்பனேட் பாத்திரம், கடையில் தரும் வழவழப்பான ரசீதுத் தாள் ஆகியவற்றில் இது இருக்கலாம். பிஸ்-ஜிஎம்ஏவைத் தயாரிக்க பிபிஏதான் மூலப்பொருள் என்பதால் பல் அடைப்பின் மீதும் சந்தேகம் விழுந்தது.

1996-இல் ஸ்பெயினின் கிரனாடாவில் நடந்த ஆய்வுதான் இந்தப் பரபரப்பைத் தொடங்கியது. சீலன்ட் போட்டு ஒரு மணி நேரத்தில் சேகரித்த எச்சிலில் பிபிஏ இருந்ததாக அது சொன்னது. பின்னால் வந்த பெரும்பாலான அளவீடுகளில் அதைவிட மிகக் குறைவாகவே இருந்தது. காரணமும் தெளிவாயிற்று. பிஸ்-ஜிஎம்ஏ வாயில் எளிதில் உடைந்து பிபிஏவாக மாறுவதில்லை. தயாரிப்பில் தங்கிய மிச்சசொச்சம்தான் அதில் இருக்கும். ஆனால் சில பழைய சீலன்ட்களில் இருந்த பிஸ்-டிஎம்ஏ என்ற உறவுக்காரப் பொருளை எச்சில் நொதிகள் உடைத்து பிபிஏவாக்கிவிடும்.

அமெரிக்காவில் 1997-இல் 534 குழந்தைகளோடு தொடங்கிய நியூ இங்கிலாந்து அமால்கம் ஆய்வு, வெள்ளி அடைப்பின் பாதுகாப்பைப் பார்க்கத்தான் நடந்தது. பிறகு அதே தரவுகளைக் கொண்டு வெள்ளை அடைப்பையும் ஆராய்ந்தார்கள். பிஸ்-ஜிஎம்ஏ அடைப்பு அதிகம் இருந்த குழந்தைகளுக்கு நடத்தை, மனநிலை மதிப்பெண்களில் சிறு பின்னடைவு தெரிந்ததாக 2012-இல் வெளியான கட்டுரை சொன்னது. அறிவுத்திறன், நினைவாற்றல் சோதனைகளில் அப்படிப்பட்ட வேறுபாடு தெரியவில்லை. அந்தக் குழந்தைகளின் பிபிஏ அளவை ஆய்வு அளக்கவுமில்லை. ஆகவே காரணம் அடைப்புதான் என்று அதை வைத்து முடிவுகட்ட முடியாது. ஒதுக்கித் தள்ளவும் முடியாது. குழந்தைக்குப் போடும்போது கூடுதல் கவனம் வேண்டும் என்பதற்கு அதுவே போதும். வேறொரு ஆய்வில், வெள்ளை அடைப்பு போட்ட மறுநாள் சிறுநீரில் பிபிஏ சற்று உயர்ந்தது. 14 நாள் கழித்துப் பார்த்தபோது அந்த உயர்வு இல்லை.

எவ்வளவு பிபிஏ வரை பாதுகாப்பு என்பதிலேயே நிபுணர்களுக்குள் சண்டை நடக்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 4 மைக்ரோகிராம் என்று வைத்த வரம்பை, 2023-இல் 0.2 நானோகிராமாகக் குறைத்தது. அதாவது 20,000 மடங்கு கெடுபிடி. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் இதை ஏற்காமல் 200 நானோகிராம் என்று தனி வரம்பு வைத்தது. பல் பொருள்களைத் தனியே ஆராய்ந்த ஐரோப்பிய அறிவியல் குழு, அவற்றால் வாய்வழி நீண்டகாலம் சேரும் பிபிஏவின் ஆபத்து புறக்கணிக்கத்தக்கது என்று 2015-இல் சொன்னது. புதிய வரம்பு வருவதற்கு முன்னால் சொன்ன கருத்து அது.

உங்களுக்கு இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம் எளிது. பிபிஏ வெளிவருவது முதல் சில மணி நேரத்தில். அதைக் குறைக்கும் வழி, மேல்படலத்தைத் துடைப்பதும், வாயைக் கொப்பளித்துத் துப்புவதும். விலையில்லாத இந்த வேலை, “பிபிஏ இல்லாதது” என்று உறையில் போட்ட விலை உயர்ந்த பொருளைத் தேடி அலைவதைவிட முக்கியம். அப்படிப்பட்ட பொருள் கிடைத்தால் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அதிலும் டெக்-டிஎம்ஏ, யுடிஎம்ஏ போன்றவை இருக்கும் என்பதால் துடைப்பதையும் கொப்பளிப்பதையும் விட்டுவிட வேண்டாம்.

நரம்புக்கு எதனால் ஆபத்து?

நாம் நரம்பு என்று சொல்வது பல்லின் நடுவே இருக்கும் உயிருள்ள பல்கூழ். அதற்கும் அடைப்புக்கும் நடுவில் டென்டின் சுவர் இருக்கிறது. அந்தச் சுவர் அரை மில்லிமீட்டருக்கு மேல் மிச்சமிருந்தால், கசியும் மூலக்கூறுகளில் பெரும்பகுதியை அதுவே தடுத்துவிடும். அதற்கும் குறைந்தால் ஹெமாவும் டெக்-டிஎம்ஏவும் நுண்குழாய்கள் வழியாகக் கூழை எட்டி, உயிரணுக்களின் காப்புப் பொருளான குளுட்டாதயோனைத் தீர்த்துவிடலாம். ஆழமான சொத்தையில் நல்ல டாக்டர் நேரடியாக ரெசினை வைக்க மாட்டார். அடியில் கால்சியம் சார்ந்த மருந்தையோ கிளாஸ் அயனோமரையோ வைத்துவிட்டு மேலேதான் ரெசின் போடுவார்.

ரசாயனத்தைவிடப் பெரிய எதிரி கிருமி. அடைப்புக்கும் பல்லுக்கும் இடையே இடுக்கு விழுந்தால் கிருமி உள்ளே போகிறது. கூழ் அழற்சிக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். 1987-இல் வெளியான ஓர் ஆய்வில், குரங்குகளின் கூழ் மீதே கம்போசிட்டை வைத்து, மேலே கிருமி புகாமல் மூடியபோது கூழ் ஆறிவிட்டது. கம்போசிட் இறுகும்போது கன அளவில் சுமார் 2 முதல் 3 சதவீதம் சுருங்குவதால்தான் இடுக்கு உண்டாகிறது. அதனால்தான் 2 மில்லிமீட்டர் அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வொரு அடுக்குக்கும் தனியே விளக்குக் காட்டுகிறார்கள். ஆழம் வரை ஒளி போய்ச் சேரவும் அதுவே வழி. ‘பல்க் ஃபில்’ என்ற வகையை மட்டும் 4 மில்லிமீட்டர் வரை ஒரே அடுக்காக வைக்கலாம்.

மூன்றாவது ஆபத்து சூடு. கூழின் வெப்பம் 5.5 டிகிரி செல்சியஸ் உயர்ந்தபோது 15 சதவீதப் பற்களில் கூழ் மீளவில்லை என்று 1965-இல் குரங்குகளிடம் செய்த ஆய்வு காட்டியது. இன்றைய எல்.இ.டி. விளக்குகள் சக்தி மிகுந்தவை. ஆழமான குழியில் தொடர்ந்து காட்டாமல், இடையில் நிறுத்திக் காற்று அடித்துக் குளிர்விப்பது நல்லது.

அடைத்த பிறகு சில நாள் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூச்சம் வருவது இயல்பு. ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும். கடிக்கும்போது மட்டும் வலித்தால் அடைப்பு சற்று உயரமாக இருக்கலாம். போய்த் தேய்த்துக்கொண்டால் தீரும். தானாக வலி எழுந்து இரவில் தூக்கத்தைக் கெடுத்தாலோ, சூடு பட்டு நெடுநேரம் வலி நீடித்தாலோ, ஈறில் கொப்புளம் வந்தாலோ காத்திருக்க வேண்டாம். அது கூழ் கெட்டதன் அறிகுறி. வேர் சிகிச்சை தேவைப்படலாம்.

ஒவ்வாமை: யாருக்கு, எப்படி?

உண்மையில் இந்தப் பொருளால் அதிகம் பாதிக்கப்படுபவர்கள் நோயாளிகள் அல்ல. தினமும் அதைக் கையாளும் பல் டாக்டர்களும் உதவியாளர்களும்தான். ஹெமா போன்ற சிறு மூலக்கூறுகள் மெல்லிய லேடெக்ஸ் கையுறையைச் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். விரல் நுனியில் தோல் வெடித்து, அரித்து, உரியத் தொடங்கும். ஒருமுறை வந்த ஒவ்வாமை வாழ்நாள் முழுவதும் இருக்கும். இந்த நூலைப் படிக்கும் பல் மருத்துவமனை ஊழியர்கள் இறுகாத பசையையும் ஒட்டுத் திரவத்தையும் கையுறை போட்ட விரலாலும் தொடாமல் கருவியால் மட்டுமே கையாள வேண்டும். பட்டுவிட்டால் உடனே கையுறையைக் கழற்றிக் கை கழுவிப் புதியது மாட்டிக்கொள்ளுங்கள். நைட்ரைல் கையுறை சற்று மேல் என்றாலும் அதுவும் முழுக் காப்பு இல்லை.

இப்போது புதிதாக ஒரு கூட்டம் சேர்ந்திருக்கிறது. நகத்துக்கு ஜெல் பூசி விளக்கில் காயவைக்கும் பழக்கம் உள்ளவர்கள்தான் அவர்கள். அந்த ஜெல்லிலும் ஹெமா இருப்பது வழக்கம். வீட்டில் தாங்களே பூசும்போது தோலில் பட்டு ஒவ்வாமை தொற்றிக்கொள்கிறது. இந்த நகப் பூச்சு ஒவ்வாமை பரவுவதாக 2018-இல் பிரிட்டிஷ் தோல் மருத்துவர் சங்கம் எச்சரித்தது. நகத்தில் வந்த ஒவ்வாமை பின்னாளில் பல் சிகிச்சையிலும் தலைகாட்டலாம். ஜெல் நகப்பூச்சால் விரல் நுனி அரித்தது, இமை வீங்கியது என்ற அனுபவம் உங்களுக்கு இருந்தால் பல் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

வாயை எச்சில் கழுவிக்கொண்டே இருப்பதால் நோயாளிக்கு ஒவ்வாமை வருவது அரிது. வந்தால் அடைப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் கன்னம், நாக்கு, ஈறில் எரிச்சல், சிவப்பு, வெள்ளைக் கோடுகள் தெரியும். சிலருக்கு உதடும் முகமும் வீங்கும். மூச்சுத் திணறினால் அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள். சந்தேகம் என்றால் தோல் மருத்துவரிடம் ஒட்டுச் சோதனை செய்து உறுதிப்படுத்தலாம். உறுதியானால், பவுடரையும் திரவத்தையும் கலந்து தானாக இறுகும் பழைய வகைக் கிளாஸ் அயனோமர் நல்ல மாற்று. விளக்குக் காட்டி இறுக்கும் கிளாஸ் அயனோமரில் ஹெமா இருப்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். செராமிக் துண்டை ஒட்டுவதாக இருந்தாலும், ஒட்டும் சிமென்ட் ரெசின் வகையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கர்ப்பிணிகளும் குழந்தைகளும்

கர்ப்ப காலத்தில் வலியையும் சீழையும் பொறுத்துக்கொண்டிருப்பதுதான் கெடுதல். அடைக்க வேண்டிய பல்லை அடைக்க வேண்டும். நான்காவது மாதத்திலிருந்து ஆறாவது மாதம் வரை நாற்காலியில் சாய்ந்திருக்க வசதியான காலம். அழகுக்காக மாற்றும் வேலைகளைப் பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். தேவைப்பட்டால் அதுவரைக்கும் தற்காலிகமாகக் கிளாஸ் அயனோமரை வைக்கச் சொல்லலாம்.

குழந்தைகளிடம் பெரிய சிக்கல் ஈரம். அழுது அசையும் குழந்தையின் பல்லை உலர்வாக வைக்க முடியாவிட்டால் ரெசின் ஒட்டாது, சரியாக இறுகவும் செய்யாது. அந்த இடத்தில் ஓரளவு ஈரம் தாங்கும் கிளாஸ் அயனோமரே சிறந்தது. கடைவாய்ப் பல்லின் பள்ளங்களை மூடும் சீலன்ட்டை பிபிஏ பயத்தால் மறுக்க வேண்டாம். பள்ளத்தில் சொத்தை விழுந்தால் அதைவிடப் பெரிய அடைப்பு வேண்டியிருக்கும்.

நாற்காலியில் உட்காரும்போது

போவதற்கு முன்:
1. மருந்து, ரப்பர், நகப்பூச்சு, பசை எதனாலும் ஒவ்வாமை வந்ததுண்டா என்பதைச் சொல்லுங்கள்.
2. போடப்போகும் பொருளின் பெயரை உங்கள் சிகிச்சைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். பின்னால் தொல்லை வந்தால் எதனால் என்று கண்டுபிடிக்க அதுதான் சாட்சி.
3. சரியாக இருக்கும் பழைய வெள்ளி அடைப்பைப் பயந்து எடுக்கச் சொல்லாதீர்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020-இல் இதையே சொன்னது. எடுக்கும்போதுதான் பாதரச ஆவி அதிகம் வரும். நல்ல பல்லும் கொஞ்சம் போகும்.

அடைக்கும்போது:
1. பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் மாட்டினால் ஒத்துழையுங்கள். எச்சில் உள்ளே வராது, பசை தொண்டைக்குள் போகாது.
2. விளக்கு முனை பல்லுக்கு மிக அருகில், நேராக இருக்க வேண்டும். தள்ளிப் பிடித்தாலோ சாய்த்துப் பிடித்தாலோ அடி அடுக்கு பச்சையாகவே நின்றுவிடும். நீங்கள் தலையை அசைக்காமல் இருந்தாலே பாதி உதவி.
3. நீல ஒளியை நேரே பார்க்காதீர்கள். ஆரஞ்சு நிறக் கண்ணாடி கொடுத்தால் போட்டுக்கொள்ளுங்கள்.
4. மெருகேற்றும்போது தண்ணீர் பீய்ச்சுவதும் உறிஞ்சுகுழாய் ஓடுவதும் அவசியம். அப்போது கிளம்பும் நுண்தூளை உள்ளே இழுக்காதிருக்க அதுவே வழி.

அடைத்த பிறகு:
1. எழுந்தவுடன் வாயை அரை நிமிடமாவது நன்றாகக் கொப்பளித்துத் துப்புங்கள். விழுங்க வேண்டாம்.
2. இரண்டு பக்கமும் கடித்துப் பார்த்து, உயரமாகத் தோன்றினால் அப்போதே சொல்லுங்கள்.
3. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஓரங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓரம் பழுப்பாகிப் பிளந்திருந்தால், அடியில் மறுசொத்தை தொடங்கியிருக்கலாம்.

“உங்கள் விளக்கின் ஒளியை அளந்து பார்ப்பீர்களா டாக்டர்?” என்று கேட்பதில் தவறில்லை. ரேடியோமீட்டர் என்ற சிறு கருவியால் சில விநாடியில் அளந்துவிடலாம். பழைய விளக்கு கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தாலும், முனையில் ரெசின் ஒட்டியிருந்தால் சக்தி குறைந்திருக்கும். அக்கறையுள்ள டாக்டர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

முடிவாக, ஒவ்வாமை உறுதியாகாத எவரும் பல் சொத்தையை வைத்துக்கொண்டு வெள்ளை அடைப்புக்குப் பயப்படத் தேவையில்லை. சொத்தையிலிருந்து பரவும் கிருமி செய்யும் கெடுதல், சரியாக இறுக்கிய அடைப்பிலிருந்து கசிவதைவிடப் பல மடங்கு பெரியது. அவசரப்பட்டு ஒரே அடுக்காக அடைத்து அனுப்பும் இடத்தைத் தவிர்த்துவிட்டு, உலர்த்தி, அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வொன்றுக்கும் நேரம் கொடுத்து, துடைத்துக் கொப்பளிக்கச் சொல்லும் டாக்டரைத் தேடிப் போங்கள்.